பெட்டியில் நெல் கணக்கு, கையில் அரிசிக் கணக்கு

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். என் போனின் பேட்டரி 5,000 எம்.ஏ.எச். நான்கு முறை முழுதாக ஏற வேண்டுமே! மூன்றாவது முறை பாதியிலேயே படுத்துவிடுகிறது. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? (கரூர் வாசகர்)

இரண்டரை முறை ஏறுகிறது என்றால் உங்கள் பவர் பேங்க் ஒழுங்காகத்தான் உழைக்கிறது. குறை பெட்டியின் மேல் போட்ட எண்ணில் இருக்கிறது. நெல் மூட்டையின் எடையைச் சொல்லி அரிசி விற்பது போன்ற கணக்கு அது.

20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்களின் கொள்ளளவு. அந்தச் செல்களின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். யுஎஸ்பி வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட். 20,000-ஐ 3.7ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்மணி. அதே ஆற்றலை 5 வோல்ட்டில் அளந்தால் 14,800 எம்.ஏ.எச்.தான் வரும். மின்னழுத்தத்தை உயர்த்தும் வேலையில் ஒரு பங்கு சூடாகிக் கரைகிறது. ஆக, உமியும் தவிடும் போக மிஞ்சுவது 12,000 சொச்சம். போனுக்குள் போய்ச் சேரும்போது இன்னும் கொஞ்சம் சிந்தும்.

பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று எறும்பு அளவு எழுத்தில் இன்னோர் எண் இருக்கும். கடையில் கேட்க வேண்டியது அதைத்தான். பக்கத்திலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பவர் பேங்குக்கும் சார்ஜருக்கும் இந்தப் பதிவு கட்டாயம். எண் இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கும் பொருள் இது.

விமானத்தில் போகிறவர்கள் இதைக் கைப்பையில் வைக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்மணி வரை தனி அனுமதி தேவையில்லை என்பது பொதுவான விதி. உங்களுடையது 74.

1 டிபி வன்தட்டு வாங்கினேன். கணினியில் செருகினால் 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதி 69 ஜிபி எங்கே? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

எங்கும் போகவில்லை. தயாரித்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படி மாறியதுபோலத்தான். சண்டைக்குப் போக வேண்டாம்.

24,000 ரூபாய் போனை ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் வாங்கினேன். மாதம் 4,000 வீதம் ஆறு தவணை, வட்டி கிடையாது என்றார்கள். முதல் மாத கிரெடிட் கார்டு பில்லில் 4,286 ரூபாய் 53 காசு வந்திருக்கிறது. பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். இது மோசடி இல்லையா? (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

சட்டப்படி மோசடி இல்லை. பெயரில் வேண்டுமானால் மோசடி இருக்கிறது.

வட்டியில்லாக் கடனை எந்த வங்கியும் கொடுப்பதில்லை. ‘பூஜ்ய வட்டி’ என்ற ஒன்றே கிடையாது, அந்தப் பெயரில் வாடிக்கையாளரை இழுக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அதன்பிறகு வழி மாறியது. வங்கி வழக்கம்போல் வட்டி போடும். அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் போனின் விலையில் முன்கூட்டியே கழித்துவிடுவார்.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 15 சதவீதம், செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்று இருக்கிறது. மாதம் 4,000 வீதம் ஆறு மாதத்தில் அடைய வேண்டுமானால் கடன் 22,984 ரூபாயாக இருக்க வேண்டும். எனவே 1,016 ரூபாயைத் தள்ளுபடி என்று கழித்துவிட்டு, அதே 1,016 ரூபாயை வட்டியாக உங்களிடம் வாங்குகிறார்கள். இதுவரை உங்களுக்கு நட்டமில்லை. விளம்பரம் சொன்னதும் இதைத்தான்.

விளம்பரம் சொல்லாதது ஜிஎஸ்டி. வட்டிக்கு 18 சதவீதம் வரி உண்டு. முதல் மாத வட்டி 287 ரூபாய் 30 காசு. அதற்கு வரி 51 ரூபாய் 71 காசு. செயலாக்கக் கட்டணமும் அதற்கான வரியும் சேர்ந்து 234 ரூபாய் 82 காசு. வட்டி 4,000 ரூபாய்த் தவணைக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்த 4,000-உடன் வட்டிக்கான வரியையும் இந்த 234 ரூபாய் 82 காசையும் கூட்டிப் பாருங்கள், காசு பிசகாமல் உங்கள் பில் வந்துவிடும். அடுத்த மாதம் கட்டணம் இருக்காது. வரி மட்டும் 43 ரூபாய் வரும். பிறகு மாதாமாதம் குறையும். ஆறு மாதத்தில் கூடுதலாகப் போவது மொத்தம் 418 ரூபாய்.

418 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. அதே போனை முழுப் பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த 1,016 ரூபாயைக் கழிக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. அப்படியானால் அவர் தலையிலும் உங்கள் வட்டியின் ஒரு பகுதி விழுகிறது. சில நாள்களில் இது தலைகீழாகவும் நடக்கும். மொத்தமாகக் கட்டினால் கார்டுக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி, தவணையில் எடுத்தால் கிடையாது என்பார்கள். கையில் பணம் இருந்தும் ‘வட்டி இல்லையே’ என்று தவணைக்குப் போனவர் அன்றைக்கு 1,918 ரூபாய் இழக்கிறார். ஆகவே பணம் கட்டும் பக்கம் வரை போய், இரண்டு வழியிலும் கடைசித் தொகை என்ன என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

இன்னொன்று. போனைத் திருப்பிக் கொடுத்தாலும் செயலாக்கக் கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. கார்டின் வரம்பிலும் முதல் நாளே முழுக் கடன் தொகை முடங்கிவிடும். தீபாவளிக்கு வேறு செலவு வைத்திருந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

‘ஐபி68, தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை’ என்று சொல்லித்தான் விற்றார்கள். ராமேஸ்வரத்தில் அலை அடித்து நனைந்தது. மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. உத்தரவாதம் செல்லாது என்கிறது சேவை மையம். (பரமக்குடி வாசகர்)

வருந்துகிறேன், ஆனால் ஆச்சரியப்படவில்லை. ஐபி என்பது தூசையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு. அதில் 6 என்பது தூசு புகாது என்பதற்கு. 8 என்பது ஒரு மீட்டருக்கு மேல் நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு. எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். சோதனை நடப்பது ஆய்வகத்தில், அசையாத நன்னீரில், புத்தம் புதிய போனில். கடலில் உப்பு இருக்கிறது, அலையின் வேகம் இருக்கிறது. போனின் ரப்பர் அடைப்போ நாளாக நாளாகத் தேயும். ஈரத்தோடு சார்ஜரைச் செருகினால் அந்தத் துளையிலேயே அரிப்பு தொடங்கிவிடும்.

இதற்காக நிறுவனங்கள் வெளிநாட்டில் குட்டுப்பட்டிருக்கின்றன. நீச்சல் குளத்திலும் கடலிலும் கேலக்ஸி போன்களைப் பயன்படுத்துவதுபோல் விளம்பரம் செய்த சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2022 ஜூனில் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இத்தாலியில் 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ. நீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, நீர் புகுந்தால் உத்தரவாதம் கிடையாது என்பதும் அங்கே குற்றச்சாட்டின் ஒரு பகுதி.

உங்கள் விஷயத்தில், விற்றவர் வாயால் சொன்னதற்குச் சான்று இல்லை. விளம்பரத்திலோ பெட்டியிலோ கடலையோ நீச்சல் குளத்தையோ காட்டியிருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யலாம். அது இல்லையென்றால் பழுதுபார்க்கும் செலவு உங்களுடையது.

அம்மாவின் போனில் ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் சோதனை என்று ஒரு பக்திப் பாடல் செயலியில் சேர்ந்திருக்கிறார். இப்போது மாதாமாதம் 299 ரூபாய் போகிறது. செயலியை நீக்கிவிட்டேன். அப்படியும் போகிறது! (சேலம் வாசகி)

வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் வாடகை நின்றுவிடுமா? செயலியை நீக்குவதும் அவ்வளவுதான். அந்த ஒரு ரூபாய்க்கு யுபிஐ பின் எண்ணைப் போட்டபோது, இனி மாதாமாதம் எடுத்துக்கொள் என்ற ஒப்புதலையும் உங்கள் அம்மா கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய் என்பது எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு.

அவர் பணம் செலுத்திய யுபிஐ செயலியைத் திறந்து ‘ஆட்டோபே’ என்ற பகுதிக்குப் போங்கள். நடப்பில் இருக்கும் ஒப்புதல்கள் அனைத்தும் அங்கே இருக்கும். ரத்து செய்து, பின் எண்ணைப் போட்டு உறுதிப்படுத்த வேண்டும். அங்கே இல்லையென்றால் பிளே ஸ்டோரில் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ பகுதியைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் 15,000 ரூபாய் வரை பொதுவாக ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தகவலும் ஆங்கிலத்தில், நாற்பது விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே வந்து விழும். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். நானே ஒரு முறை சமையல் குறிப்புச் செயலி ஒன்றுக்கு ஏழு மாதம் பணம் கட்டியிருக்கிறேன். இன்றுவரை எனக்கு ரசம் வைக்கத் தெரியாது.

சேருவதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பது ‘சந்தாப் பொறி’. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. எனவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து இந்தச் சொல்லையே சொல்லிப் புகார் செய்யுங்கள்.

அப்பாவுக்குப் பேச மட்டும்தான் போன். தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம். வேறு வழியே இல்லையா? (அருப்புக்கோட்டை)

இருக்கிறது. முதலில் அந்த 28 நாளைப் பாருங்கள். 28-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 364. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் நமக்கு; அவர்களுக்குப் பதின்மூன்று. இதனால்தான் 30 நாள் திட்டமும், மாதம் தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் சொன்னது.

2024 டிசம்பரில் இன்னொரு ஆணை வந்தது. பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். வந்தும்விட்டன. செயலியின் முகப்பில் தேடினால் கிடைக்காது, கடைக்கோடியில் இருக்கும். ரீசார்ஜ் கடையில் ‘டேட்டா இல்லாத, பேச்சு மட்டும் உள்ள திட்டம்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் நீண்ட நாள் திட்டங்களாக இருக்கும் என்பதால் ஒரே முறை கட்டும் தொகை பெரிதாகத் தெரியும். மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள்.

இணையத்தில் 3,500 ரூபாய்க்குப் புளூடூத் இயர்போன் வாங்கினேன். பெட்டிக்குள் நடைபாதையில் விற்கும் 200 ரூபாய்ப் பொருள் இருந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்று சொல்லித் திரும்பப் பெற மறுக்கிறார்கள். (பாளையங்கோட்டை வாசகர்)

வீடியோ இருந்தால் உங்களுக்கு வலு. இல்லையென்பதற்காக உரிமை போய்விடாது. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் இதுவரை பேசியது வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியோடு. அது வேறு. குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் தளத்தின் அடியில் இருக்கும். அங்கே எழுதுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம்.

ஆர்டர் விவரம், பணம் கட்டிய சான்று, அரட்டையின் திரைப்படிமங்கள், வந்த பொருளின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அட்டைப் பெட்டியை அதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் பல நேரங்களில் பொதியின் எடை அச்சிட்டிருக்கும். உங்கள் கைக்கு வந்த பொருளின் எடையோடு அது ஒத்துப்போனால், அந்தப் பெட்டி கிளம்பும்போதே உள்ளே 200 ரூபாய்ப் பொருள்தான் இருந்தது என்று வாதாட இடம் கிடைக்கும்.