நால்வர் மேசையில் டிராகன் டெக்: எதைக் குறைப்பது, எதைச் சேர்ப்பது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டை நண்பர்கள் நால்வர் வாரந்தோறும் கமாண்டர் முறையில் (ஒரு தலைமைச் சீட்டும் மற்ற 99 சீட்டுகளும் கொண்ட டெக்கோடு, அதாவது சீட்டுக்கட்டோடு) ஆடுகிறோம். என் கமாண்டர் லாத்லிஸ், டிராகன் க்வீன். மீதி 99 சீட்டுகளில் 31 லேண்ட் (மற்ற சீட்டுகளை இறக்கச் செலுத்தும் மானா என்ற சக்தியைத் தரும் நிலச் சீட்டு), 38 டிராகன், 30 தாக்குதல் மந்திரங்கள் வைத்திருக்கிறேன். பாதி ஆட்டங்களில் ஐந்தாம் சுற்று வரை எதையும் இறக்க முடிவதில்லை. இறக்கிய பிறகு மூவரும் என்மீது பாய்கிறார்கள். ஒரே மந்திரத்தில் களத்திலுள்ளவை எல்லாம் ஒரு முறை துடைக்கப்பட்டால் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். கமாண்டரை மாற்ற வேண்டுமா, டெக்கை மாற்ற வேண்டுமா?”

கமாண்டரை மாற்ற வேண்டாம். லாத்லிஸ் நல்ல தலைவி. அவளைக் களத்துக்குக் கொண்டுவரவும், அவள் விழுந்தால் மீண்டும் எழுப்பவும் தேவையானவைதான் உங்கள் டெக்கில் இல்லை. டிராகன்களை நேசிப்பவர்கள் டிராகன்களையே நிரப்புவது இயல்பு. ஆனால், நால்வர் ஆடும் மேசையில் ஒரு டெக்கின் வலிமையை அதிலுள்ள பெரிய உயிர்களின் (போரிடும் உயிரினச் சீட்டுகளின்) எண்ணிக்கையால் அளக்க முடியாது; ஆட்டம் நீளும்போது ஒவ்வொரு சுற்றிலும் செய்வதற்கு ஏதேனும் ஒன்று உங்கள் கையில் இருக்கிறதா என்பதே அளவுகோல்.

இந்த முறைக்கும் டிராகன்களுக்கும் உள்ள உறவு பழையது. ரசிகர்களே உருவாக்கி ‘எல்டர் டிராகன் ஹைலேண்டர்’ என்று பெயரிட்டு ஆடிய முறை இது. 1994-இல் வந்த லெஜண்ட்ஸ் தொகுதியின் ஐந்து எல்டர் டிராகன்களே தொடக்கத்தில் தலைமை தாங்கின. அவை ஐந்துக்கும் தாக்கும் வலிமை 7. ஒரே கமாண்டரிடமிருந்து போரில் 21 சேதம் பெற்றவர் தோற்றார் என்ற இன்றைய விதி வலிமை 7-இல் மூன்று அடிகள் என்ற கணக்கை நினைவூட்டுகிறது. உங்கள் லாத்லிஸின் வலிமை 6. மூன்று அடிக்கு 18தான் ஆகும். இங்கேதான் பலர் கவனிக்கத் தவறும் அவளது இரண்டாவது திறன் உதவுகிறது: இரண்டு மானா செலுத்தினால் உங்கள் டிராகன்கள் அனைத்துக்கும் அந்தச் சுற்றில் வலிமை ஒன்று கூடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை செலுத்தினால் மூன்றாவது அடியில் சரியாக 21.

இனி உங்கள் முதல் சிக்கலான மானாவுக்கு வருவோம். பலர் சேரும் ஆட்டத்தில் முதலில் தொடங்குபவரும் முதல் சுற்றிலேயே சீட்டு எடுக்கலாம். ஆகவே ஆறாம் சுற்றில் நீங்கள் 13 சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். 99-இல் 31 லேண்ட் என்றால் அந்த 13-இல் சராசரியாக நான்குதான் லேண்டாக இருக்கும். லாத்லிஸுக்கு ஆறு மானா வேண்டும். அப்படியென்றால் உங்கள் டெக் கணக்குப்படியே தாமதமாகிறது. அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள இடமில்லை. லேண்டை 38 ஆக உயர்த்தினால் சராசரி ஐந்தாகும். இதுவும் போதாது; மீதியை மானா உதவிச் சீட்டுகள்தான் நிரப்ப வேண்டும்.

மானா உதவிக்கு 12 சீட்டுகள் ஒதுக்குங்கள். ஐந்து மட்டும் வைத்தால் இரண்டாம் சுற்றுக்குள் அவற்றில் ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதை எட்டாது. 12 வைத்தால் அது எழுபதாகிறது. சோல் ரிங், மைண்ட் ஸ்டோன், ஃபயர் டயமண்ட், சிவப்பு மந்திரங்களின் விலையை ஒன்று குறைக்கும் ரூபி மெடாலியன் ஆகியவை முதலில் சேர வேண்டியவை. அவற்றோடு டிராகன்களுக்கென்றே விலை குறைக்கும் சீட்டுகளும் உண்டு: டிராகன்லார்ட்ஸ் செர்வண்ட் ஒன்று குறைக்கும், டிராகன்ஸ்பீக்கர் ஷாமன் இரண்டு குறைக்கும், அர்ஸாஸ் இன்குபேட்டரில் டிராகன் என்ற வகையைத் தேர்ந்தால் அதுவும் இரண்டு குறைக்கும். லாத்லிஸும் டிராகன் என்பதால் அவளது விலையும் இவற்றால் குறையும்.

இதை ஒரு கையில் வைத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் உங்களுக்கு மூன்று மவுண்டன் (சிவப்பு மானா தரும் லேண்ட்), மைண்ட் ஸ்டோன், டிராகன்லார்ட்ஸ் செர்வண்ட், கேயாஸ் வார்ப், ஸ்கர்ஜ் ஆஃப் வால்காஸ் ஆகியவை வந்திருக்கின்றன. இரண்டாம் சுற்றில் மைண்ட் ஸ்டோன் இறங்குகிறது. மூன்றாம் சுற்றில் மூன்று லேண்டும் அந்தக் கல்லும் சேர்ந்து நான்கு மானா. இரண்டைச் செலவிட்டுச் செர்வண்டை இறக்குகிறீர்கள். எடுத்த நான்கு சீட்டுகளில் ஒன்று லேண்டாக இருந்தால் நான்காம் சுற்றில் ஐந்து மானா கிடைக்கும். செர்வண்டின் உதவியால் லாத்லிஸின் விலையும் ஐந்துதான். ஐந்தாம் சுற்றில் புது லேண்ட் வராவிட்டாலும் நான்கு மானாவுக்கு ஸ்கர்ஜ் ஆஃப் வால்காஸ் இறங்குகிறது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் டெக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டோக்கன் (டெக்கில் இல்லாமல் ஒரு திறனால் களத்தில் உருவாகும் உயிர்) அல்லாத வேறொரு டிராகன் உங்கள் பக்கம் களமிறங்கும்போதெல்லாம் லாத்லிஸ் 5/5 (தாக்கும் வலிமை 5, தாங்கும் வலிமை 5) டிராகன் டோக்கன் ஒன்றைத் தருகிறாள். ஸ்கர்ஜ், தானோ உங்களுடைய வேறொரு டிராகனோ வரும்போது, உங்களிடம் உள்ள டிராகன்களின் எண்ணிக்கை அளவுக்குச் சேதம் தருகிறது. ஸ்கர்ஜ் வந்ததும் இரண்டு திறன்களும் ஒரே நேரத்தில் தூண்டப்படுகின்றன. இரண்டும் உங்களுடையவை என்பதால் எது முதலில் நிறைவேற வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ஸ்கர்ஜின் திறனை முதலில் நிறைவேற்றினால் இரண்டு டிராகன்களுக்கு 2, பிறகு டோக்கன் வரும்போது 3 என மொத்தம் 5 சேதம். லாத்லிஸின் திறனை முதலில் நிறைவேற்றினால் டோக்கன் வந்தபின் எண்ணிக்கை மூன்றாகிவிடும். டோக்கனுக்கு 3, ஸ்கர்ஜுக்கு 3 என மொத்தம் 6. எண்ணிக்கை பார்க்கப்படுவது திறன் நிறைவேறும் நேரத்தில்தான் என்பதை நினைவில் வைத்தால் இந்த வரிசையில் தவறு நேராது.

இப்படி ஒன்றையொன்று பெருக்கும் டிராகன்களாகத் தேர்ந்தால் 18 போதும். 38 தேவையே இல்லை. வெறும் உடல் பெரியது என்பதற்காக மட்டும் ஒரு டிராகனை வைத்திருக்காதீர்கள். அது வரும்போதோ தாக்கும்போதோ என்ன செய்கிறது என்று கேளுங்கள். எட்டு மானா ஆகும் உத்வாரா ஹெல்கைட், ஒவ்வொரு டிராகன் தாக்கும்போதும் 6/6 டோக்கன் ஒன்றைத் தருவதால் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. எட்டு மானாவுக்கு வேலை எதுவும் செய்யாமல் பறக்க மட்டும் செய்யும் டிராகனை, ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெறுங்கைச் சிக்கல். சீட்டு எடுக்கும் வழிகளுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கினால், மூன்றாம் சுற்றுக்குள் அவற்றில் ஒன்றையாவது பார்க்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. சிவப்பு நிறம் இதில் ஏழை என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் உங்கள் டெக்குக்கு வழிகள் உண்டு. டிராகன்ஸ் ஹோர்ட் மானாவும் தரும். டிராகன் வரும்போதெல்லாம் ஒரு நாணயத்தைச் சேர்த்துவைத்துப் பிறகு அதைச் சீட்டாக மாற்றவும் உதவும். லாத்லிஸ் தரும் டோக்கனும் டிராகன்தான் என்பதால், ஒரு டிராகனை இறக்கினால் இரண்டு நாணயங்கள் சேரும். ஒரே பெயருள்ள மூன்று லேண்டுகள் இருந்தால் சீட்டு தரும் எண்ட்லெஸ் அட்லஸ், மவுண்டன் மட்டுமே நிறைந்த டெக்குக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். கமாண்டர் வரும்போதும் தாக்கும்போதும் வலுப்பெறும் டோம் ஆஃப் லெஜண்ட்ஸும் அப்படியே. நால்வர் மேசையில் நான் மிகவும் மதிப்பது மைண்ட்ஸ் ஐ: எதிராளி ஒருவர் சீட்டு எடுக்கும்போதெல்லாம் ஒரு மானா செலுத்தி நீங்களும் ஒன்று எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் சாதாரணமான இந்தச் சீட்டு, எதிரே மூவர் இருக்கும்போது ஒரு வட்டத்துக்குள் மூன்று சீட்டுகளுக்காவது வாய்ப்பு தருகிறது.

இதே கண்ணோட்டத்தில் உங்கள் 30 தாக்குதல் மந்திரங்களையும் பார்க்க வேண்டும். லைட்னிங் போல்ட் ஒரு சீட்டைச் செலவழித்து மூன்று சேதம் தருகிறது. இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு 20 உயிர்ப்புள்ளி. இங்கே ஒவ்வொருவருக்கும் 40, மூவருக்கும் சேர்த்து 120. ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு என்று நீங்களும் ஒருவரும் மோதி அழிந்துகொண்டிருக்கும்போது, மற்ற இருவர் எதையும் இழக்காமல் வளர்ந்துகொண்டிருப்பார்கள். ஆகவே ஒற்றை இலக்கைத் தாக்குபவற்றை எட்டாகக் குறைத்து, எந்த வகை ஆபத்தையும் அகற்றக்கூடியவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். கேயாஸ் வார்ப் எந்த நிலைச்சீட்டையும் (களத்தில் தங்கும் சீட்டையும்) உரியவரின் கட்டுக்குள் கலைத்துச் சேர்த்துவிடும். வாண்டல்பிளாஸ்டைக் கூடுதல் மானா செலுத்தி ஏவினால் உங்களுடையவை தவிர எல்லா ஆர்ட்டிஃபாக்டுகளும் (கருவிச் சீட்டுகளும்) உடையும்.

களம் துடைக்கும் மந்திரங்கள் மூன்று இருக்கட்டும். களத்திலுள்ள ஒவ்வொரு உயிருக்கும் ஒரு மானா விலை குறைவதால், பிளாஸ்ஃபெமஸ் ஆக்டை எட்டு உயிர்கள் நிற்கும் மேசையில் ஒரே ஒரு சிவப்பு மானாவுக்கு ஏவலாம். அதன் 13 சேதம் உங்கள் டிராகன்களையும் அழிக்கும் என்பதால், அது நீங்கள் பின்தங்கியிருக்கும்போது எடுக்க வேண்டிய ஆயுதம். எர்த்குவேக் வேறு விதமானது. அது பறக்காத உயிர்களையும் எல்லா ஆட்டக்காரர்களையும் மட்டுமே தாக்கும்; உங்கள் டிராகன்கள் மேலே பறந்துகொண்டிருக்கும்போது கீழே உள்ளவை அழியும். உங்கள் உயிர்ப்புள்ளிகளும் அதே அளவு குறையும் என்பதையும், டிராகன்லார்ட்ஸ் செர்வண்ட் போன்ற பறக்காத துணைகள் உங்களிடமும் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மீதமுள்ள பத்து இடங்கள் வேகத்துக்கும் பாதுகாப்புக்கும். புதிதாக வந்த டிராகன் உடனே தாக்க முடியாது. இருவர் ஆட்டத்தில் அது ஒருவருடைய சுற்றைத் தாண்டி உயிரோடு இருந்தால் போதும், இங்கே மூவருடைய சுற்றுகளைத் தாண்ட வேண்டும். அதனால்தான் பறப்பவற்றுக்கு வந்தவுடன் தாக்கும் வேகம் தந்து, ஒவ்வொரு டிராகனின் வருகைக்கும் சேதமும் தரும் டிராகன் டெம்பஸ்ட் இந்த டெக்கின் மிகச் சிறந்த இரண்டு மானா சீட்டாகிறது. லைட்னிங் கிரீவ்ஸ், ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் இரண்டும் லாத்லிஸைக் காக்கும்; முதலாவதை அணிந்திருக்கும்போது நீங்களே அவளை இலக்காகத் தேர முடியாது என்பது முக்கிய வேறுபாடு.

மூவரும் உங்கள்மீது பாய்வதற்குக் காரணம் பகை அல்ல. மேசையில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதை வீழ்த்துவது எல்லோருக்கும் நியாயமான முடிவு. ஆறு மானா கிடைத்தவுடன் லாத்லிஸைத் தனியாக இறக்கி, பதில் சொல்ல மூவருக்கும் அவகாசம் கொடுப்பதுதான் உங்கள் தவறாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் ஒரு முறை வீழ்ந்து மீண்டும் வர எட்டு மானா, அதற்கு அடுத்த முறை பத்து. விலைகுறைப்புச் சீட்டுகள் முன்பே களத்தில் இருந்தாலோ, அவளை இறக்கிய அதே சுற்றிலோ அடுத்த சுற்றிலோ இன்னொரு டிராகனும் வர முடியும் என்றாலோ மட்டும் அவளை அழையுங்கள். களத்தில் இரண்டு டிராகன்கள் போதுமான அழுத்தம் தரும்போது, மூன்றாவதைக் கையிலேயே வைத்திருங்கள். துடைப்பு வந்த பிறகு அதுதான் உங்களை மீட்கும்.

நட்பு ஆட்டம் என்பதால் டெக்கின் வேகத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வதும் தேவை. மேஜிக்கை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2025-இல் கமாண்டர் டெக்குகளை வலிமையின் ஏறுவரிசையில் பிரிக்கும் ஐந்து படிநிலைகளை அறிமுகப்படுத்தியது; நான் மேலே சொன்ன டெக்கை இரண்டாவது அல்லது மூன்றாவது படியில் வைக்கலாம். நண்பர்கள் நான்காவது படியில் ஆடுகிறார்கள் என்றால் எந்த எண்ணிக்கையும் உங்களைக் காப்பாற்றாது. அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

38 லேண்ட், 12 மானா உதவி, 10 சீட்டெடுப்பு, 8 அகற்றல், 3 துடைப்பு, 18 டிராகன், 10 துணை என 99 சேர்ந்ததும் நண்பர்களிடம் கொண்டுபோவதற்கு முன் தனியாக உட்கார்ந்து பத்து முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் ஆறாம் சுற்று வரை ஆடிப் பாருங்கள். இரண்டு லேண்டும் ஐந்து டிராகனும் வந்த கையைத் தயங்காமல் திருப்பிவிடுங்கள். பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் மல்லிகனுக்கு (கையைத் திருப்பிவிட்டுப் புதிய கை எடுப்பதற்கு) இழப்பு எதுவும் இல்லை. பத்தில் ஆறு முறையாவது ஆறாம் சுற்றுக்குள் லாத்லிஸ் இறங்கவில்லை என்றால், ஏழு மானாவுக்கு மேல் ஆகும் டிராகன்களில் இரண்டை எடுத்துவிட்டு இரண்டு மானா விலையுள்ள உதவிச் சீட்டுகள் இரண்டைச் சேர்த்து, மீண்டும் பத்து முறை பாருங்கள்.