பாட இணைப்புகளை எங்கே சேர்த்து வைப்பது? ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் தமிழ்மொழிப் பணித்தியத்தில் (பாட ஆசிரியர் குழுவில்) ஆறு பேர் இருக்கிறோம். நல்ல காணொளி, பயிற்றி, கட்டுரை எது கிடைத்தாலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்துத் தேடினால் கிடைப்பதில்லை. இணைப்புகளைச் சேமிக்கும் இணையச் சேவைகளாக டீகோ, ரெயின்ட்ராப், வேக்லெட், பேட்லெட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?
– ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

ரெயின்ட்ராப்பை எடுங்கள். அதன் இலவசக் கணக்கிலேயே எத்தனை இணைப்புகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரு தொகுப்பைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்து, அவர்களும் இணைப்பு போட அனுமதி கொடுக்கலாம். திறன்பேசியிலும் கணினியிலும் நன்றாக இயங்கும். சேர்த்த அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும். இந்தக் கடைசி வசதி இல்லாத சேவையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடவே வேண்டாம்.

மற்றவை மோசமில்லை, அவற்றின் வேலை வேறு. டீகோவில் இணையப் பக்கத்தின் வரிகளுக்கே வண்ணமிட்டு, ஓரத்தில் குறிப்பு ஒட்டி, குழுவுக்குக் காட்டலாம். ஒரு கட்டுரையை வரிவரியாக அலசும் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு அது பொருத்தம். பேட்லெட், இணைப்பும் குறிப்பும் ஒட்டிவைக்க ஒரு பாடவேளைக்கான சுவர். இலவசக் கணக்கில் சில சுவர்களுக்கு மேல் திறக்க முடியாது என்பதால் ஆண்டுக்கணக்கில் சேமிக்க உதவாது. இணைப்புகளை வரிசைப்படுத்தி, இடையிடையே விளக்கம் எழுதி மாணவர்முன் வைக்க வேக்லெட் நல்லது.

கணக்கைத் திறக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். பணித்தியத்துக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றை உருவாக்கி, அதன் பேரில் பதியுங்கள். பகிரப்பட்ட தொகுப்பு அதை உருவாக்கிய கணக்கைச் சேர்ந்தது. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்த் தம் கணக்கை அழித்தால் உங்கள் ஆறு பேரின் உழைப்பும் அதோடு போகும். கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் தரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டாம். அது பணியோடு வருவது, பணியோடு போவது.

அடுத்தது அடுக்கும் முறை. பலர் ஆண்டு 1, ஆண்டு 2 என்று தொகுப்புகளைத் திறந்துவிட்டுப் பிறகு தடுமாறுகிறார்கள். ரெயின்ட்ராப்பில் ஓர் இணைப்பு ஒரே தொகுப்பில்தான் இருக்கும். குறிச்சொல்லோ (டேக்) எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நான்காம் ஆண்டுக்குச் சேர்த்த காணொளி ஐந்தாம் ஆண்டு மீள்பார்வைக்கும் ஆகுமல்லவா? அதனால் தொகுப்புகள் திறன்வாரியாக இருக்கட்டும்: கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுள் மொழியணி, இலக்கணம். ஆண்டு, வகை, தலைப்பு மூன்றும் குறிச்சொற்களாகட்டும்.

கலைத்திட்டம் தரும் கற்றல் தர எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள், தொகுப்பின் பெயராக வைக்காதீர்கள். 2027இல் புதிய கலைத்திட்டம் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. எண்கள் மாறினால் குறிப்பைத் திருத்தினால் போதும், அடுக்கைக் கலைக்க வேண்டியதில்லை.

சேமிக்கும்போது தானாக வரும் தலைப்பை அப்படியே விடாதீர்கள். ‘பகுதி 3 புதிய வீடியோ’ என்பது நாளை யாருக்கும் எதையும் சொல்லாது. ‘வலிமிகும் இடங்கள், 4 நிமிடக் காணொளி’ என்று மாற்றுங்கள். குறிப்பில் ஒரே வரி: ‘முதல் நிமிடம் அறிமுகம், தவிர்க்கலாம். இறுதியில் ஐந்து வினாக்கள் உண்டு.’ இந்த வரிதான் சக ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. இதை எழுதச் சோம்பினால் எந்தக் கருவியும் இன்னொரு புலனக் குழுதான்.

புலனத்தில் கிடக்கும் பழைய இணைப்புகளை மீட்கவும் வழி உண்டு. குழுவின் பெயரைத் தட்டினால் ஊடகம், இணைப்புகள், ஆவணங்கள் என்ற பகுதி வரும். அதில் இணைப்புகளை மட்டும் பார்க்கலாம். மிக அதிகமாக இருந்தால் உரையாடலை ஊடகம் இல்லாமல் ஏற்றுமதி செய்து, உரைக்கோப்பை கூகுள் ஷீட்ஸில் ஒட்டி, ‘எச்டிடிபி’ என்று தொடங்கும் முகவரி உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். வகுப்பில் உண்மையிலேயே பயன்படுத்தியவை போதும்.

யூடியூப் இணைப்புகளில் ஒரு தொல்லை உண்டு. திறன்பேசியிலிருந்து பகிரும்போது முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் ‘எஸ்ஐ’ என்ற எழுத்துகளும் நீளமான குறியீடும் ஒட்டிக்கொள்ளும். பகிர்பவருக்குப் பகிர்பவர் அது மாறுவதால், ஒரே காணொளி மூன்று முறை சேர்ந்துவிடும். அந்த ‘எஸ்ஐ’ பகுதியை வெட்டிவிட்டுச் சேமியுங்கள்.

பாக்கெட் என்னும் இணைப்புச் சேமிப்புச் சேவையில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தேன். அது மூடப்பட்டுவிட்டது. இனி எதை நம்புவது?
– ஆசிரியர், பட்டர்வொர்த்

எந்தச் சேவையையும் முழுக்க நம்பாதீர்கள். இந்தத் துறையின் வரலாறே அப்படி. 2003இல் தொடங்கிய டெலிஷியஸ்தான் குறிச்சொல் போட்டுப் பொதுவில் இணைப்புகளைப் பகிரும் பழக்கத்தைப் பரப்பியது. 2005இல் யாஹூ வாங்கியது, 2011இல் கைமாற்றியது. 2017இல் பின்போர்டு என்னும் இன்னொரு இணைப்புச் சேவை வாங்கியபின் அதில் புதிதாக எதையும் சேமிக்க முடியாமல் போனது. பாக்கெட் 2007இல் வேறு பெயரில் தொடங்கி, 2017இல் மொசில்லாவின் கைக்கு வந்து, 2025 ஜூலை 8ஆம் தேதி மூடப்பட்டது. நம் பள்ளிகளிலும் ஃபுரோக் மெய்நிகர் கற்றல் தளத்துக்காகத் தயாரித்ததை எல்லாம் 2019இல் வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்ததே.

ஆகவே ஒவ்வொரு பள்ளி விடுமுறையின் தொடக்கத்திலும் காப்புப்படி எடுங்கள். ரெயின்ட்ராப்பின் அமைப்புகளில் ஏற்றுமதியைத் தேர்ந்து, எச்டிஎம்எல், சிஎஸ்வி ஆகிய இரு வடிவங்களிலும் இறக்கிக் கொள்ளுங்கள். எச்டிஎம்எல் கோப்பை எந்த உலாவியும் வேறு சேவையும் ஏற்கும். ஆனால் குரோமில் ஏற்றினால் குறிச்சொற்கள் உதிர்ந்துவிடும், ஏனெனில் அதன் புத்தகக்குறியில் குறிச்சொல்லுக்கு இடமே இல்லை. குறிச்சொல், குறிப்பு எல்லாம் தனித்தனி நிரலில் நிற்பது சிஎஸ்வியில்தான். கோப்பை ஒருமுறை திறந்து, தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். எக்செலில் கட்டம் கட்டமாக வந்தால் பதற வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் இறக்குமதி செய்தால் சரியாக வரும்.

தமிழில் குறிச்சொல் போட்டால் தேடலில் பாதிதான் கிடைக்கிறது. ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமா?
– ஆசிரியை, பிறை

வேண்டாம், தமிழிலேயே போடுங்கள். பாதி கிடைப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, ஆளுக்கொரு வடிவம். ஒருவர் ‘பழமொழி’ என்பார், இன்னொருவர் ‘பழமொழிகள்’ என்பார், மூன்றாமவர் ‘மரபுத்தொடர்’ பட்டியலில் சேர்த்துவிடுவார். இருபது சொற்களுக்கு மேற்படாத பட்டியல் ஒன்றை எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். எப்போதும் ஒருமையில்.

இரண்டாவது, இடைவெளி. பின்போர்டில் இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் தொடங்கிவிடும். டீகோவில் இரு சொற்களாலான குறிச்சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். ‘ஆண்டு4’ என்று சேர்த்தே எழுதினால் எங்கும் சிக்கல் வராது.

மூன்றாவது காரணம் கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்பதை ஒகரக் குறியால் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஆனால் கணினி அவற்றை வேறு எழுத்துகளாகச் சேமிக்கும். சில தேடல்கள் இதைச் சமன்செய்யும், சில செய்யாது. ஔகாரத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘ஔ’ என்பதற்குப் பதில் ‘ஒ’, ‘ள’ இரண்டையும் தட்டுகிறவர்கள் ஏராளம். அதைத் தேடல் தானாகச் சரிசெய்யும் என்று நம்ப முடியாது. பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், அல்லது முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் கருவி காட்டும் பழைய குறிச்சொல்லையே தேர்ந்தெடுங்கள்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கும் கணக்கு திறந்து கொடுக்கலாமா?
– ஆசிரியர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

திறக்காதீர்கள். இத்தகைய சேவைகள் பெரும்பாலும் பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தாமாகக் கணக்குத் திறப்பதை ஏற்பதில்லை. பிள்ளைகளுக்குப் பார்க்கும் வசதி போதும்.

அவர்களுக்கென்று சிறு தொகுப்பு ஒன்றைப் பொதுவாக்கி, அதன் முகவரியை கூகுள் கிளாஸ்ரூமில் போடுங்கள். வீட்டுப்பாடத் தாளில் அச்சிட கியூஆர் குறியீடு வேண்டுமென்றால், குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து பகிர்வுப் பட்டியலில் உருவாக்கலாம். ஒவ்வொரு காணொளிக்கும் தனிக் குறியீடு போடாமல் தொகுப்புக்கு மட்டும் போடுங்கள். பிறகு ஒரு காணொளி நீக்கப்பட்டாலும் தொகுப்புக்குள் மாற்றினால் போதும், தாளை மறுபடி அச்சிட வேண்டாம். பொதுத் தொகுப்பில் மாணவர் பெயரோ மதிப்பெண்ணோ உள்ள கூகுள் டிரைவ் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. பொதுவாக்கும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

சேமித்த பக்கங்கள் காணாமல் போகின்றனவே?
– ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்

முக்கியமான கட்டுரையைச் சேமிக்கும் அன்றே இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் பதிந்துவிடுங்கள். அங்கே ‘பக்கத்தை இப்போது சேமி’ என்னும் பெட்டியில் முகவரியை ஒட்டினால் சிறிது நேரத்தில் புதிய முகவரி ஒன்று வரும். அதைக் குறிப்பில் எழுதிவையுங்கள். உரையும் படமும் பெரும்பாலும் தப்பிக்கும். காணொளிகளுக்கு இதை நம்ப முடியாது, மாற்றாக இன்னொரு காணொளியைச் சேர்த்து வையுங்கள்.