கைக்குப் பழகியது
வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெடுங்காலம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றியவர் நீங்கள் என்று முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையின் பழக்கங்கள் உங்களிடம் தங்கியிருக்கின்றனவா?
— வாசகி, கும்பகோணம்

தங்கியிருக்கின்றன என்பதைவிட, அவற்றைக் கொண்டுதான் இன்றும் என் நாள் நடக்கிறது என்று சொல்வதே பொருந்தும். 1974இல், 20 வயதில், திருவல்லிக்கேணியில் இருந்த ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சுக்கோப்பவர்கள் சாய்வான மரப்பெட்டிகளின் முன்னே நின்றபடி, ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார்கள். 'கோயில்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் 'கோ' என்பதற்கு மட்டும் இரட்டைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள் வேண்டும். கால் விடுபட்டால் அது 'கே' ஆகிவிடும். இரட்டைக் கொம்புக்குப் பதில் ஒற்றைக் கொம்பு வந்தால் 'கொ' ஆகிவிடும். துண்டுகளோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். இத்தனையையும் மீறி அவர்கள் பிழை குறைவாகக் கோத்ததை எண்ணி இப்போதும் வியக்கிறேன்.

மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்காக முதலில் அச்சடித்துத் தரும் தாள், வந்ததும் காப்பி படிப்பவர் ஒருவர் என் எதிரே அமர்ந்து மூலப்பிரதியை உரக்கப் படிப்பார். சொற்களை மட்டுமல்ல, 'கால்புள்ளி', 'முற்றுப்புள்ளி', 'புதுப் பத்தி' என்று குறிகளையும் சொல்லிக்கொண்டே போவார். நான் வரியின் கீழே ஓர் அட்டையை வைத்து, அவர் குரலுக்கு ஏற்ப அதை நகர்த்திக்கொண்டே வருவேன். அந்த அட்டைதான் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதே அட்டை இல்லை, அதே அளவில் வெட்டிக்கொண்ட வேறொன்று. மின்கட்டண ரசீதையும், மருந்துப் பட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும், பேரனின் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பையும் அட்டை வைத்தே படிக்கிறேன். மெதுவாகப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கண்டு, கடைக்குத் திரும்பிச் சென்று சரியான மருந்தை மாற்றி வாங்கி வந்த நாளுக்குப் பிறகு, என் பொருட்டு அவர்களும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் கடிதங்கள் தயாரிப்பது என் வேலை. மூன்று முறை படித்துப் பார்த்தும் ஒரு பிழை தப்பிவிடுகிறது. கவனக்குறைவு என்று மேலதிகாரி கடிந்துகொள்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், விருதுநகர்

கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். நாம் எழுதியது என்ன என்று நமக்கு முன்பே தெரியும். அதனால் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதைக் கண் படித்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்று முறை படிக்கும்போது அந்த ஏமாற்றம் மூன்று முறை நிகழ்கிறது, அவ்வளவுதான். எனவே படிக்கும் முறையையே மாற்றிக்கொள்ளுங்கள். திரையில் எழுதியதைத் தாளில் எடுத்துப் படியுங்கள். கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். பொருளின் ஓட்டம் அறுபடும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். சக ஊழியர் எவரேனும் ஐந்து நிமிடம் ஒதுக்குவாரானால், அவரைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெயர்கள், தேதிகள், தொகைகள் ஆகியவற்றை மட்டும் தனியே ஒருமுறை சரிபார்ப்பது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் மனத்தை உறுத்துகிறது. 1984இல் ஒரு திருமண அழைப்பிதழ் என் கையொப்பத்தோடு அச்சுக்குப் போனது. ஆகஸ்ட் 30, வியாழக்கிழமை என்று இருக்க வேண்டியது, வெள்ளிக்கிழமை என்று அச்சாகிவிட்டது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததால் என் கண் அதைக் கடந்து போயிருந்தது. நாள்காட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்ணின் தந்தை அழைப்பிதழ்க் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கோபப்படாமல், 'ஊருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டோமே ஐயா' என்று மட்டும் சொன்னார். 'வியாழக்கிழமை' என்று சிறு துண்டுகளாக அச்சடித்து, எஞ்சியிருந்த 400 அழைப்பிதழ்களிலும் பசை தடவி நானும் அச்சுக்கோப்பவர் இருவரும் இரவு வெகுநேரம் வரை ஒட்டிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே கொடுத்துவிட்ட வீடுகளுக்கு அவர் மறுபடியும் நேரில் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தேதியும் கிழமையும் சேர்ந்து வரும் எதையும் நாள்காட்டி பார்க்காமல் நான் விட்டதில்லை.

காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?
— வாசகர், ஈரோடு

ஐந்து மணிக்கு. மெய்ப்புப் பார்க்கப் பகல் வெளிச்சம் சிறந்தது என்பதால் கடினமான பக்கங்களைக் காலையிலேயே முடித்துவிடுவது வழக்கம்; அது அப்படியே நிலைத்துவிட்டது.

என் மகன் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறான். சாப்பிடும்போதும் வேலை, படுக்கையிலும் வேலை. அலுவலகம் சென்றுவந்த காலத்தில் இப்படி இல்லை. அவனுக்கு என்ன சொல்வது?
— வாசகி, திருநெல்வேலி

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அறிவுரையாக எதையும் சொல்ல வேண்டாம். அது அவருக்கும் தெரிந்தே இருக்கும். அச்சகத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எழுத்துகளில் ஈயம் இருந்ததால் கை கழுவாமல் எவரும் உணவைத் தொடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. மாலையில் மணி அடித்ததும் எல்லாரும் பின்கட்டுக் குழாயடிக்குப் போவார்கள். மை போவதற்கு முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் விரல்களைத் துடைத்து, பிறகு சவுக்காரம் போட்டு நகக்கண் வரை தேய்ப்பார்கள். அதுவரை பாரம் (ஒருசேர அச்சாகும் பக்கங்களின் தொகுதி) முடியவில்லை, இயந்திரம் நின்றுவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், கையைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது குழந்தைகளின் படிப்பைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவார்கள். வேலையிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவந்தது மணியோசையைவிடக் குழாயடிதான் என்பது என் எண்ணம்.

உங்கள் மகனுடைய வேலையில் கழுவுவதற்கு மை இல்லை. அதனால் உடம்பால் செய்யக்கூடிய ஒன்றை அவர் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணினியை மூடி அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு தெருமுனை வரை நடந்து வரட்டும். முதல் சில நாட்கள் மாலை ஆறு மணிக்கு, 'தேநீர் குடித்துவிட்டு வரலாம், வா' என்று நீங்களே அவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். தாய் கூப்பிட்டால் மறுக்க மாட்டார்.

எனக்கு 71 வயது. இன்றும் 'லை', 'னை' ஆகியவற்றைப் பழைய முறையில் தும்பிக்கை வைத்தே எழுதுகிறேன். பேத்தி சிரிக்கிறாள். மாற்றிக்கொள்ள வேண்டுமா?
— வாசகி, காரைக்குடி

வேண்டியதில்லை அம்மா. பெரியார் 1935 முதல் தமது 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளில் 13ஐ, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா ஆகிய மூன்றும், அவற்றின் ஒகர, ஓகார வரிசையில் ஆறும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அவை. அச்சகத்துக்கு அது பெரும் உதவி. தனியே வார்க்க வேண்டியிருந்த வடிவங்கள் குறைந்தன. பணியில் இருந்தவரை நானும் மெய்ப்பில் புதிய எழுத்தையே எழுதினேன். ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டில் 'கடலை' என்று எழுதும்போது என் கை தானாகவே தும்பிக்கையைப் போட்டுவிடும். அதை நான் தடுப்பதில்லை.

பேத்தியை அருகில் உட்கார வைத்து, ஒரு தாளில் அந்தப் 13 எழுத்துகளையும் பழைய வடிவில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் புதிய வடிவை அவளையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களையும், உங்கள் தாயார் எழுதிய கடிதங்கள் இருந்தால் அவற்றையும் அடுத்தபடியாக அவள் கையில் கொடுங்கள்.