'திருத்திய தடயம் இல்லை' என்ற அறிக்கை எதை நிரூபிக்கிறது?

கேள்வி: எங்கள் நிலத்தகராறு வழக்கில் எதிர்த்தரப்பு ஒரு புகைப்படத்தைத் தாக்கல் செய்திருக்கிறது. 2019-லேயே வேலி இருந்ததாக அதில் தெரிகிறது. 'திருத்திய தடயம் இல்லை' என்று ஒரு தனியார் நிபுணர் அறிக்கையும் கொடுத்துவிட்டார். இனி மறுக்க வழி இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. தேடிய தடயங்கள் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அந்த வரியின் பொருள். படம் உண்மையானது என்று அது சொல்லவில்லை.

அவசரத்தில் ஒட்டி வெட்டியவர்களை இந்தச் சோதனைகள் நன்றாகவே பிடிக்கும். சோதனை முறைகளை அறிந்து திட்டமிட்டு ஏமாற்றுபவரிடம் அவை தடுமாறும். ஒவ்வொரு கேமரா சென்சாருக்கும் கைரேகை போன்ற ஓர் இரைச்சல் வடிவம் (அது எடுக்கும் எல்லாப் படங்களிலும் பதியும் நுண்ணிய புள்ளி மாறுபாடுகள்) உண்டு. ஆனால் அதே கேமராவில் எடுத்த வேறு படங்கள் கிடைத்தால், அந்த வடிவத்தைக் கணித்துப் போலிப் படத்தில் சேர்த்துவிட முடியும். திருத்திய படத்தை அச்சிட்டு மறுபடி படம் பிடித்தாலே பல தடயங்கள் அழிந்துவிடும்.

படம் அசல் என்று காட்டக் கேமராவே இடும் மின்னணு முத்திரையும் தப்பவில்லை. 2010-ல் எல்காம்சாஃப்ட் என்ற ரஷ்ய மென்பொருள் நிறுவனத்தின் திமித்ரி ஸ்க்லியாரோவ், அந்த முத்திரையை உருவாக்கும் ரகசியச் சாவியை (ரகசிய எண்ணை) கேனான் கேமராக்களிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்தச் சாவியால் முத்திரையிட்டதும், நிலவில் சோவியத் கொடி நடும் விண்வெளி வீரரின் போலிப் படத்தைக்கூட கேனானின் சரிபார்ப்புக் கருவி அசல் என்று ஏற்றது. அடுத்த ஆண்டு நிக்கானுக்கும் அதே கதி.

உங்கள் வழக்கின் உயிர்நாடி தேதி. கோப்பில் பதிந்திருக்கும் தேதி வெறும் எழுத்துதான். கைபேசிக் கடிகாரத்தை மாற்றி எடுத்தால், ஒரு புள்ளியும் திருத்தாத படத்திலேயே பொய்த்தேதி இருக்கும். நிபுணர் இதைச் சோதித்தாரா என்று குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். அவர் பார்த்தது வாட்ஸ்அப்பில் வந்த நகலா என்றும் கேட்க வேண்டும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால், வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கி, எடுத்த தேதி முதலிய விவரங்களையும் நீக்கிவிடும். அதில் தடயம் இல்லை என்பதற்கு மதிப்பு மிகக் குறைவு.

அசல் கோப்பையும் கைபேசியையும் வரவழைக்க உங்கள் வழக்கறிஞர் மூலம் மனு செய்யுங்கள். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றின் கோப்பு எண்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பாரதிய சாட்சிய அதினியத்தின் (சாட்சியங்கள் பற்றிய சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு, இருக்கும். அது கணக்கிட்ட நாளுக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்று மட்டுமே காட்டும்; முந்தைய கதையை அது அறியாது.

இவற்றைவிட நான் அதிகம் நம்புவது வெளிச் சான்றைத்தான். கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடுங்கள். வேலி மெல்லியதாக இருந்தால் தெரியாமல் போகலாம்; ஆனால் படத்தில் உள்ள மரமோ கட்டடமோ 2019-ல் அங்கே இருந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.