இரண்டு பில், இரண்டு கவுண்டர்

கேள்வி: அக்கா, தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்து எட்டு வருடமாகிறது. சுக்காய் தானா (நிலவரி) வருடம் ஒரு முறை, சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி) இரண்டு முறை வருகிறது. வீட்டு முன்னால் கால்வாய் அடைத்து, மழை பெய்தால் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யும்வரை இரண்டு வரியும் கட்ட வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரர். வீடு இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. கடையில் வேறு வரி போடுகிறார்கள். என்ன செய்வது?
- பேராக் வாசகி, மலேசியா

பதில்: தங்கச்சி, நிலவரியை மட்டும் நிறுத்தவே கூடாது. இதை இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள்.

நிலவரி மாநில அரசுக்குப் போவது. மே 31-க்குள் கட்ட வேண்டும், ஜூன் 1 முதல் அது நிலுவை. அப்புறம் போராங் 6ஏ என்ற நிலுவை அறிவிப்புப் படிவம் வரும். அது கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும், மேலே நிற்கும் வீட்டோடு.

நான் நில அலுவலகக் கவுண்டரில் 26 வருடம் உட்கார்ந்தவள். ஒரு நாள் பால் மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். மலாய்க் கடிதம், படிக்கத் தெரியவில்லை என்று உறையைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பிரித்தால் 6ஏ. நிலுவை 200 வெள்ளி (ரிங்கிட்)கூட இல்லை, கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. மறுநாள் காலை மகள் வந்து கட்டினாள். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் வீடு அப்பா பெயரில் இருப்பதால் கடிதம் பழைய லயத்து முகவரிக்கே போய்க்கொண்டிருக்கலாம். அவர் உயில் எழுதவில்லை என்றால், 1955-ஆம் ஆண்டு சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மாவட்ட நில அலுவலகத்தில் போராங் ஏ பூர்த்தி செய்து பெயர் மாற்றக் கேளுங்கள்.

கால்வாய் சண்டை சுக்காய் பிந்துவோடு சேர்ந்தது. அந்தப் பணம் ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. குப்பை, கால்வாய், தெருவிளக்கு எல்லாம் அதில்தான். தவணை பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி. கட்டாமல் விட்டால் வீட்டுச் சாமானைக் கைப்பற்ற வாரண்டு வரும், கால்வாய் அப்படியே கிடக்கும். மழை நாளில் படம் எடுத்து, புகாரை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். மன்றம் புது மதிப்பீட்டுப் பட்டியல் போடும்போது அந்த நகல் உதவும். பேராக்கில் இந்த வரியைக் கணக்கிடுவது வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை வைத்து. வாசலில் தண்ணீர் நிற்கும் வீட்டுக்கு யார் நல்ல வாடகை தருவார்கள்? ஆட்சேபத்தை விசாரணைத் தேதிக்கு 14 நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் தேநீர்க் கடையில் பேசிப் பேசியே அதைத் தவறவிடுகிறார்கள்.

கடை வரி மத்திய அரசுடையது. 2015-இல் வந்த 6% ஜிஎஸ்டி 2018-இல் போய், அதே வருடம் செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பியது. மார்ச் 2024-இல் சேவை வரி 8% ஆனது, சாப்பாட்டுக்கு 6%-தான். அதுவும் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகங்களுக்கே. ஒட்டுக்கடையில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

வருமான வரியும் மத்திய அரசுக்கே. அரசியல் சட்டம் மாநிலத்துக்கு விட்டுவைத்த முக்கிய வருமானம் நிலம், காடு, சுரங்கம். அதனால்தான் பணம் பற்றாக்குறை என்றதும் நிலவரியை ஏற்றும் பேச்சு கிளம்புகிறது. லயத்தில் இருந்தவரை நிலவரியைத் தோட்ட நிர்வாகம் கட்டியது, நம் அப்பா அம்மா அந்த பில்லைப் பார்த்ததே இல்லை. நம் குடும்பங்களில் அதைக் கையில் வாங்கும் முதல் தலைமுறை நாம்தான். ஆயிரக்கணக்கான ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்கு ஏற்றட்டும், மலிவு வீட்டுக்காரரைத் தொடக் கூடாது என்பது என் கருத்து. இதை நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்லிப் பயனில்லை. நிலவரி மாநிலத்தின் கையில் இருப்பதால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள்.

அதற்கு முன், அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் கெரான் (நிலப் பட்டா) நகலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே நில அலுவலகம் போய், நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள் தங்கச்சி.