என்.எஃப்.எல்: புதுக் கோச்சுகளும் ஏப்ரல் ட்ராஃப்ட்டும் – கேள்வி பதில்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்லில் சீசன் முடிந்தது, கோச்சுகள் மாறிவிட்டார்கள், ஏப்ரலில் ட்ராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. கேளுங்கள். மாக் ட்ராஃப்ட் பட்டியலை (யார் யாரை எடுப்பார்கள் என்ற ஊகம்) நீட்டி ‘இது நடக்குமா’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணா, ட்ராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் காசு வைத்தவருக்கு ஆள் கிடைக்கும், இங்கே வரிசைப்படிதான். போன சீசனில் கடைசியில் நின்ற டீம் முதலில் எடுக்கும், இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்த டீம் ரவுண்டின் கடைசியில். 7 ரவுண்டு, 32 டீம். தன் முறையை இன்னொரு டீமுக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு தேர்வுகளையோ ஆட்டக்காரரையோ வாங்கலாம். வம்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் ஆளாக எடுக்கும் பையனின் சம்பளமே டீமை விழுங்கிவிடாதா?

அது பழைய கதை. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 78 மில்லியன் டாலர். அடுத்த வருடமே விதி மாறிப் புதியவர்கள் சம்பளத்துக்கு வரம்பு வந்தது, முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்குச் சுமார் 22 மில்லியன். இப்போது இளம் குவார்ட்டர்பேக்தான் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மலிவு. மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம்.

சிகாகோ ரசிகர்: முதலில் கோச்சா, குவார்ட்டர்பேக்கா?

கோச். இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். உங்கள் டீமையே பாருங்கள். 2024இல் முதல் தேர்வாகக் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள். ஆனால் வேலை போகுமா நிற்குமா என்றிருந்த கோச் மாட் எபர்ஃப்ளஸை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நவம்பரில் ஆஃபென்ஸ் (தாக்கும் ஆட்டம்) கோச் போனார். தேங்க்ஸ்கிவிங் அன்று டெட்ராய்டில் 3 புள்ளி பின்தங்கிய நிலை, 32 வினாடி மிச்சம், கையில் கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்-அவுட். வில்லியம்ஸை மடக்கிவிட்டார்கள். கடிகாரம் ஓடுகிறது, கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். டைம்-அவுட்டைக் கேட்காமலே ஆட்டம் முடிந்தது. மறுநாள் கோச்சும் போனார். அந்தப் பையன் முதல் சீசனிலேயே 68 முறை சாக் (பந்தை எறியும் முன்பே மடக்கி வீழ்த்துவது) வாங்கினான். 2025இல் பென் ஜான்சன் கோச்சாக வந்தார். ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையையே மாற்றிப் போட்டார்கள். முதல் வருடமே செய்திருக்க வேண்டிய வேலை.

இந்த மாக் ட்ராஃப்டில் எங்கள் டீமுக்கு…

மேலே சொல்லிவிட்டேன்.

கரோலினா ரசிகர்: உங்கள் கணக்கு எங்களிடம் எடுபடவில்லையே? 2023இல் முதலில் கோச் ஃப்ராங்க் ரைக்கை எடுத்தோம், அப்புறம்தான் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங். 11 ஆட்டத்தில் 1 வெற்றி, 10 தோல்வி (1-10) என்று கோச்சை அனுப்பிவிட்டார்கள்.

நல்ல கேள்வி. வரிசை சரியாக இருந்தும் கெடலாம். ஆனால் ட்ராஃப்டில் முதலிடத்துக்குப் போக சிகாகோவுக்கு என்ன கொடுத்தீர்கள்? 9ஆவது, 61ஆவது தேர்வுகள், 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, கூடவே டி.ஜே. மூர். இருந்த ஒரே நல்ல ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிப்பவர்) அனுப்பிவிட்டு, புதுப் பையனிடம் ‘பந்தைப் போடு’ என்றால் யாருக்குப் போடுவான்? யங்குக்கு 62 சாக். ஒவ்வொரு நகர்வையும் முடிவு செய்யும் பொறுப்பை ரைக் தன் உதவியாளர் தாமஸ் பிரௌனிடம் கொடுத்தார், சில வாரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார். நீங்கள் 2-15 என்று முடித்ததால், கொடுத்த 2024 தேர்வே முதல் தேர்வானது. அதில்தான் சிகாகோ வில்லியம்ஸை எடுத்தது.

ஹூஸ்டன் ரசிகர்: நடுவில் வருகிறேன். அதே ட்ராஃப்டில் நாங்கள் எடுத்த குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் கரோலினாவுக்குப் போயிருந்தாலும் ஜெயித்திருப்பார்.

மாட்டார். உங்களிடம் முன்வரிசையில் டன்சில் இருந்தார், புதுக் கோச் டிமெக்கோ ரயன்ஸ் இருந்தார். டீம் 3-13-1லிருந்து (கடைசி எண் சமன்) 10-7க்கு ஏறியது. ஸ்ட்ரவுட்டின் திறமை பாதி, மிச்சம் சூழ்நிலை.

கரோலினா ரசிகர்: அப்போ யங்கைக் குறை சொல்லக் கூடாது என்கிறீர்களா? 2024இல் இரண்டே ஆட்டத்தில் உட்கார வைத்தார்களே!

உட்கார வைத்த பிறகு திரும்பி வந்து நன்றாக ஆடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதுக் கோச் டேவ் கனாலஸ் பொறுமை காட்டினார்.

ஹூஸ்டன் ரசிகர்: பாதி சூழ்நிலை என்று எந்த அளவுகோலில் அளந்தீர்கள்?

கண்ணால். சரி, நீங்கள் இருவரும் உங்களுக்குள் தொடருங்கள்.

2025 ட்ராஃப்டில் குவார்ட்டர்பேக் ஷெடுர் சாண்டர்ஸ் ஏன் 144ஆவது இடம் வரை இறங்கினார்?

தெரிந்தவர்கள் சொல்வதில்லை. சொல்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அவரை எடுத்த கிளீவ்லாந்து அதே ட்ராஃப்டில், மூன்றாம் ரவுண்டிலேயே, இன்னொரு குவார்ட்டர்பேக்கான டில்லன் கேப்ரியலை எடுத்துவிட்டது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் டீம் இரண்டு முதல் ரவுண்டுத் தேர்வுகளைக் கொடுத்து ட்ராஃப்ட் வரிசையில் மேலே போகலாமா?

கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோ 2021இல் மூன்று முதல் ரவுண்டுத் தேர்வுகள் கொடுத்து குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸை எடுத்தது. 2023இல் அவரை டல்லாஸுக்கு ஒரு நான்காம் ரவுண்டுத் தேர்வுக்குத் தள்ளிவிட்டது. அதே டீமுக்கு 2022இல் கடைசியான 262ஆவது தேர்வில் கிடைத்தவர், பிறகு முதன்மைக் குவார்ட்டர்பேக்கான பிராக் பர்டி.

டல்லாஸ் ரசிகர்: நாங்களும் மேலே போகலாமா?

முந்தைய பதில்.

மெஸ்ஸி எந்த ரவுண்டில் வருவார்?

தம்பி, வேறு ஃபுட்பால்.

இந்த மாக் ட்ராஃப்டில்…

போய்த் தூங்குகிறேன்.