உள்வாடகைக்காரர் இருக்கும்போது சாவியை மட்டும் கொடுத்தால் போதாது

கோவைக்கு மாற்றல், வீட்டுக்காரருக்கு நோட்டீஸும் கொடுத்தாச்சு, ஆனால் மாடியில் நீங்கள் உள்வாடகைக்கு வைத்த பையன்கள் கிளம்ப மறுக்கிறார்கள், அடுத்த மாத வாடகையை யார் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள்தான் சகோ. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108-ன்படி குத்தகை முடிந்தால் இடத்தின் சுவாதீனத்தை உரிமையாளரிடம் ஒப்படைப்பது வாடகைதாரர் கடமை. நீங்கள் உள்ளே வைத்த ஆள் இன்னும் உட்கார்ந்திருந்தால், கீழ் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாலும் அது முழு ஒப்படைப்பு ஆகாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் கெடு தாண்டி இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கலாம், உங்கள் அட்வான்ஸ் அதில் கரைந்துவிடும்.

உள்வாடகைக்கு வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்தாரா? தந்திருந்தால் அவரையும் பையன்களையும் உட்கார வைத்து, இனி வாடகையை நேராக அவரிடமே கட்டுவதாகப் புது ஒப்பந்தம் போட்டு, உங்களை விடுவித்ததாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். வாய்ச்சொல் வேண்டவே வேண்டாம்.

சம்மதம் இல்லையென்றால் இன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பையன்கள் எழுத்து ஒப்பந்தம் இல்லாத மாத வாடகை என்றால் குறைந்தது 15 நாள் நோட்டீஸைப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவர்கள் அட்வான்ஸை எடுத்துத் தயாராக வையுங்கள், பெரும்பாலும் அதற்காகத்தான் நகர மறுப்பார்கள். அப்புறம், கோபத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள், சட்டப்படி அது தப்பு, வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.